படி

மார்ச் பனி உருகி முடித்த வாரம்
வாசற்படி ஒருபக்கம் இறங்கிவிட்டது.
போகுமில் கடப்பாரையை நுழைத்து நெம்பினார்.
மூன்றாம் நெம்பலில் ஈரச் சத்தத்தோடு,
கறந்து முடித்த பசு கால் மாற்றி நிற்பதுபோல,
கல் புரண்டது.

கல் முழுக்க மண் அப்பியிருந்தது.
அது கிடந்த பள்ளத்தில்தான் எழுத்துகள்:
களிமண்ணில் புடைத்து, இடவலம் மாறி.
வட்டமான ஓர் எழுத்துக்குள்
மண்புழு சுருண்டிருந்தது.
குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிவந்து
குனிந்து காட்டினேன் மண்ணுக்கு.

ஒட்டிலியே கிராமர்.
ஆலைக்காரர் மனைவி. எல்லர்பாக்.
1889 – 1931.
அதற்கும் கீழே இரண்டு வரி.
பள்ளியில் படித்த ஜெர்மன்
அவ்வளவு ஆழம் இறங்கவில்லை.

சாலைப் பலகையில் எங்கள் ஊர் ஓல்ஷாவ்கா.
எல்லர்பாக் என்று ஒரு பெயர் இருந்ததாம், தெரியும்.
அதன்மேல்தான் காலணி மண்ணைத் தேய்த்தோம் என்பது
தெரியாது.

மாமனார் இக்னாட்சி கிழக்கிலிருந்து
சரக்கு ரயிலில் வந்தவர்.
ஒரு பசு, மனைவி, வைக்கோலில் பொதிந்த சுவர்க்கடிகாரம்.
இரண்டு வருடம் வைக்கோலைப் பிரிக்கவில்லை.
வசந்தம் வந்தால் திரும்பிவிடுவோம் என்றார்,
இரண்டு வசந்தத்துக்கும்.
ராணுவ லாரி ஏறி உடைந்த பழைய படியை
அப்படியே விட்டுவைத்தார்.
அடுத்தவன் வீட்டுக்கு நான் எதற்குப் படி போட?
ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்,
ஏற, இறங்க.

ஏழாம் மாதத்தில் ப்ரோனியா
அந்தப் பெட்டியிலிருந்து சரிந்து விழுந்தாள்.
அன்று மாலை வண்டி பூட்டிப் போனவர்
இருட்டியபின் கல்லோடு வந்தார்.
எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை.
கேட்காமல் விடுவதற்கு
அந்த வருடம் நிறைய இருந்தது.
மறுநாள் கடிகாரம் சுவரில் ஏறியது.

எழுத்தைக் கீழே போட்டது வெட்கமா, மரியாதையா?
பின்பக்கம் சொரசொரப்பு, மழையில் வழுக்காது,
அவ்வளவுதானா?
அவர் போய் முப்பது வருடம்.

பால்வாளிகள் இதன்மேல்தான் ஏறின.
இக்னாட்சியின் சவப்பெட்டி இறங்கியது.
கல்யாணத்தன்று என் குதிகால் முறிந்தது இங்கேதான்;
சகுனம் என்றார்கள், சிரித்தேன்.

திரும்பக் கொண்டுபோகலாம் என்றேன்.
எங்கே?
ஆலைக்குப் பின்னால் இடுகாடு இப்போது லைலாக் புதர்,
எந்தக் குழி யாருடையது என்று நரிக்குத்தான் தெரியும்.
பாதிரியார் தேவாலயச் சுவரோரம் சாய்க்கச் சொன்னார்.
ஊராட்சியில் முதலில் போட்டோ வேண்டுமாம்.
போகுமில் மட்டும்,
இருந்தபடியே கவிழ்த்துவிடலாம் என்றார்,
எழுபத்தெட்டு வருடம் தாங்கியவள் கோபிக்க மாட்டாள்.
உனக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன்.
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

இரவு அவர் தூங்கவில்லை.
போன கோடையில் அண்ணன் மகன்
எல்லைக்கு அப்பாலிருந்து அனுப்பிய வீடியோவைப்
போர்வைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.
கடுகுபோல மஞ்சளாய் ஒரு வயல், ஒரு டிராக்டர்,
"தாத்தாவைப் புதைத்தது இங்கேதானாம்" என்ற குரல்.
டிராக்டர் நிற்கவில்லை.
ஒலியைக் குறைத்து
மறுபடி பார்த்தார்.

விடியுமுன் மழை.
பள்ளத்து எழுத்துகள் கரைந்து வெறும் சேறு.
கல்லைக் கழுவி
பிளம் மரத்தடியில் நிமிர்த்தியிருக்கிறோம், இப்போதைக்கு.
கோழிகள் ஒருநாள் பயந்தன,
மறுநாள் நிழலுக்கு ஒதுங்கின.
அந்த இரண்டு வரியை யாரிடமாவது கேட்க வேண்டும்.

தபால்காரர் டோப்ரோமிர்
இல்லாத படிக்குக் காலைத் தூக்கித் தடுமாறுகிறார்.
வாங்கிய சிமெண்ட் மூட்டை
கொட்டகையில் இறுகிக்கொண்டிருக்கிறது.
வாசலில் ஆப்பிள் பெட்டி, கவிழ்த்துப் போட்டது.
பார்த்து இறங்குங்கள்,
ஆடும்.